விழுந்தது 83, கணக்கில் 74

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தது. பேராவூரணிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. வெளிச்சம் வந்ததும் போய்ப் பார்த்தால் உள்ளே நுழையவே வழியில்லை. 83 மரம் வேரோடு சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது.

அப்பா அன்று மதியமே வண்டிப்பாதையில் கிடந்த ஒன்பது மரங்களை அறுத்து, தூரையும் பெயர்த்துக் குளத்தங்கரையில் தள்ளிவிட்டார். ஊருக்குள் பால் வண்டி வர வேண்டுமே. மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம் என்ற அரசு அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறைக்காரர் ஒருவரும் கணக்கெடுக்க வந்தார்கள். மரத்துக்கு மரம் சிவப்புப் பெயின்ட்டால் நம்பர். பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். அழுகத் தொடங்கிய குருத்தின் புளித்த வாடை தோப்பு முழுக்க. 74 போட்டதும் நிறுத்திவிட்டார்கள். அறுத்துத் தள்ளிய ஒன்பதைப் பற்றி அப்பா சொன்னார். “போட்டோ இருக்கா?” என்றார்கள். கரண்ட் இல்லாத ஊரில் யார் கையில் சார்ஜ் இருந்தது? அவர்களையும் குறை சொல்ல முடியாது, அன்று அவர்களுக்கு எங்களுடையது நாலாவது தோப்பு. ஆனால் குருத்து திருகி, நின்றபடியே செத்துக்கொண்டிருந்த பதினோரு மரங்களை “நிக்குதே ஐயா” என்று தள்ளிவிட்டதில் எனக்கு இன்னும் கோபம்தான். இரண்டே மாதத்தில் சிவப்புக் கூன்வண்டு ஏறி அவையும் போய்விட்டன.

அடுத்தது காகிதம். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல். ஜெனரேட்டர் ஓட்டிய ஒரே ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்குப் பத்து ரூபாய், வரிசை தெரு வரைக்கும். சிட்டாவை நீட்டியபோதுதான் சிக்கல் தெரிந்தது: பட்டா இன்னும் தாத்தா பெயரில். அவர் இறந்து பதினைந்து வருஷம். அப்பாவும் சித்தப்பாவும் வரப்பு போட்டுக்கூடப் பிரித்துக்கொள்ளவில்லை, மாறி மாறித் தேங்காய் வெட்டு எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழ் வேண்டும், பணம் அப்பா கணக்கில் வர ஆட்சேபணை இல்லை என்று சித்தப்பா எழுதித் தர வேண்டும் என்றார்கள். சித்தப்பா திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து, கையெழுத்துப் போட்டு, சாய்ந்த தோப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

ஒரு நாள் அப்பா போனுக்கு எஸ்எம்எஸ் வந்தது. 74 மரத்துக்கு 81,400 ரூபாய். சரி, வந்ததே. ஆனால் ரம்பக்காரருக்கும் ஜேசிபிக்கும் மரத்துக்கு எழுநூறுக்கு மேல் ஆகியிருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க மரம் கிடந்ததால் கட்டையைச் சும்மா கொடுத்தாலும் எடுத்துப்போக ஆளில்லை. மிச்சத்தில் பாதி சித்தப்பாவுக்கு.

2020 நவம்பரில் நிவர் புயல் வருகிறது என்றதும் நான் தோப்புக்குப் போய், நட்டு வளர்ந்துகொண்டிருந்த கன்றுகளையும் சேர்த்து மூலைக்கு மூலை போட்டோ எடுத்து வைத்தேன். அப்பா இ-சேவை மையத்துக்குப் பட்டா மாற்ற மனு கொடுக்கப் போயிருந்தார்.