படம் கீற வாங்கோ என்றோம், ஒரு சனமும் வரவில்லை

எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தின் முன்மதில் 62 அடி நீளம், 6 அடி உயரம். ஊர்ச்சனம் எல்லாரும் சேர்ந்து அதில் ஒரு ஓவியம் தீட்டுவது என்று தை மாதம் சனசமூக நிலையத்தில் முடிவெடுத்தோம். தீட்டி முடிய சித்திரை ஆகிவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் வேறு ஊர்களிலும் இப்படி ஒரு யோசனை இருக்கிறது என்று கேள்வி, அதனால் நாங்கள் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன்.

முதலில் மதில் ஆருடையது என்று விசாரியுங்கள். மண்டபம் ஊருடையது, அப்ப மதிலும் ஊருடையதுதானே என்று நாங்கள் இருந்துவிட்டோம். ஒரு அலுவலகத்தில் "வீதிக்கரை மதில் எங்களுக்குள்ள வராது பிள்ளை" என்றார்கள். அவர்கள் காட்டிவிட்ட மற்ற அலுவலகத்தில் மதில் மண்டபத்தோடு சேர்ந்தது, முதல் இடத்துக்கே போங்கோ என்றார்கள். திரும்பிப் போனால் அன்று வியாழன், கையெழுத்து வைக்கிறவர் வெளிக்கள வேலையாம். அலுவலர்கள் இடத்தில் இருக்கிற பொதுமக்கள் நாளிலேயே போயிருக்கவேண்டும், தெரிந்தும் போன பிழை என்னுடையது. கடைசியில் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்தில் கிராம அலுவலர் கையெழுத்து வைத்துக் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அந்த ஒரு கடிதத்தை முதலே எடுத்திருந்தால் நாலு பஸ் பயணம் மிச்சம். 2019 கடைசியில் நாடு முழுக்கப் பெடியள் மதில்களில் கீறித் தள்ளினபோது இவ்வளவு கடிதம் ஓடினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கடிதத்தோடு படத்தின் மாதிரியும் கேட்டார்கள். அதைப் பார்த்த அலுவலக அம்மா ஒரு மூலையில் விரலை வைத்து, "இதென்ன பூ?" என்றார்.

"கார்த்திகைப்பூ மிஸ்."

"இதை எடுத்துப்போட்டு வேற ஏதும் போடுங்கோ."

மழை தொடங்கினால் எங்கள் வேலிகளில் தானாகப் படர்கிற பூ. ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த இடத்தில் தாமரை வந்தது.

இந்த அலைச்சலில் நாள் தள்ளிப்போய் மாசி நடுப்பகுதியில் வந்து விழுந்தது. வன்னியில் மாசி என்றால் காலபோக அறுவடை. ஊரில் பாதிச் சனம் வயலில், மீதிச் சனம் நெல்லைக் காயப்போட்டுவிட்டு மாட்டுக்குக் காவல். நாங்களோ முகநூலிலும் கடைச் சுவர்களிலும் "சமூக ஓவியம், அனைவரும் வந்து பங்களிப்புச் செய்யுமாறு அன்புடன் அழைக்கின்றோம்" என்று அச்சடித்து ஒட்டிவிட்டுக் காத்திருந்தோம். வந்தது ஏழு சின்னப் பிள்ளைகள், அவர்களைத் தேடி வந்த ஒரு அம்மம்மா.

ஏன் வரவில்லை என்று அடுத்த கிழமை வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் விளங்கியது. பங்களிப்பு என்றதும் சனம் காசு என்று எடுத்துவிட்டது. கோயில் நோட்டீசில் அந்தச் சொல்லுக்கு வேறு என்ன அர்த்தம்? ஒரு அக்கா, "எந்த நிறுவனம் பிள்ளை? பெயர் பதியிறீங்களோ, அடையாள அட்டை கொண்டுவரவேணுமோ?" என்று கேட்டா. யுத்தம் முடிந்த பிறகு கூட்டம், பதிவு, பயிற்சிப் பட்டறை என்று எத்தனையைப் பார்த்த சனம், அவவைக் குறை சொல்ல முடியாது. மிச்சப் பேர் எல்லாரும் ஒரே வசனம்: "எனக்குப் படம் கீற வராது."

சரி என்று இரண்டாவது நோட்டீசைக் கையாலேயே எழுதினோம். அதையே வெள்ளிக்கிழமைப் பூசை முடிய கோயில் ஒலிபெருக்கியில் வாசித்தோம். "மதிலுக்குப் பெயின்ற் அடிக்க ஆள் வேணும். படம் கீறி வைச்சிருக்கு, நம்பரைப் பார்த்து அடிச்சாச் சரி. காசு வேண்டாம், பெயர் பதியிறேல்லை. ஞாயிறு காலமை ஆறரைக்கு பிளேன்ரீ இருக்கு." வாங்கி வைத்த 50 கப்பில் நாலுதான் மிஞ்சியது.

நம்பர் வேலை இப்படித்தான். தாளில் ஒரு அங்குலம், மதிலில் ஒரு அடி. மேசன்மார் நூலில் நீலம் தடவிச் சுண்டி அடிப்பதுபோல அடித்துக் கட்டம் போட்டு, கோட்டுப்படத்தை நாங்கள் மூன்று பேர் இரண்டு பின்னேரத்தில் கீறி முடித்தோம். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பென்சிலால் ஒரு இலக்கம், பெயின்ற் ஊற்றின சிரட்டையிலும் அதே இலக்கம். ஏழாம் சிரட்டையை எடுத்தவர் ஏழாம் நம்பர்த் துண்டைத் தேடிப் போவார். சிரட்டையை மண்ணில் குழி தோண்டி இருத்துங்கள், இல்லாவிட்டால் உருளும், உருண்டது.

கணக்கு: 372 சதுர அடிக்கு வெள்ளை எமல்ஷன் ஒரு பூச்சுக்கு 4 லீற்றர் வாளி ஒன்று எங்களுக்கு மட்டுமட்டாகக் காணும், இரண்டு பூச்சு அடித்தோம். பச்சையை மஞ்சளும் நீலமும் கலந்து சிக்கனமாக எடுக்கலாம் என்றது என்னுடைய கெட்டித்தனம். அரைவாசி வயல் அடித்து முடிய கலவை முடிந்தது, இரண்டாம் கலவை அந்தப் பச்சைக்குக் கிட்டவும் வரவில்லை. கலப்பதென்றால் முழுதையும் ஒரே வாளியில் கலந்து வையுங்கள். பத்து மணிக்குப் பிறகு அடிக்கவே வேண்டாம், மதில் கொதித்துப் பெயின்ற் பிறஷிலேயே காய்கிறது.

பெரிய வில்லங்கம் அன்பளிப்பால் வந்தது. கடைக்கார அண்ணை ஒருவர் நீலப் பெயின்ற் ஒரு ரின் தந்தார். திறந்து சிரட்டையில் ஊற்றி அரை மணித்தியாலம் கழித்துத்தான் அது தண்ணீரில் கரையாத எனாமல் என்று கண்டோம். அதற்குள் ஆறு பிறஷ் தண்ணீர் வாளிக்குள் போய்ப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் தேடி ஓடினதில் அந்தக் காலமை போச்சு. ரின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு நன்றி சொல்லுங்கள்.

இவ்வளவு நேரமும் முன்வீட்டு ஐயா படலையடியில் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு எழும்பி வந்து இரணைமடுக் குளம் கீறியிருந்த இடத்தில் நின்றார். பொல்லால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"பதினொண்டுதான் இருக்கு. வான்கதவு பதினாலு. 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பதினாலும் திறந்தவங்கள், நான் பார்த்தனான்."

நாங்கள் எண்ணியே கீறவில்லை, மதிலில் இடம் கண்டபடி போட்டிருந்தோம். வெள்ளை அடித்து அந்தத் துண்டை அழித்து 14 கதவு கீறினோம். ஐயா பிறஷை வாங்கி, ஒன்பதாவது கதவிலிருந்து கடைசிவரை தானே அடித்தார். கை நடுக்கத்தில் ஒன்பதாவது கொஞ்சம் சரிந்துவிட்டது. இப்போது பின்னேரத்தில் அந்த வழியாகப் போகிற ஆரையும் மறித்து, அந்தக் கதவு பிள்ளையள் கீறினது என்று சொல்கிறாராம்.

எனாமல் மிச்சத்தை மண்டபத்துக் கேற்றுக்கு அடித்தோம். இன்னும் அரை ரின் இருக்கிறது.