அஞ்சு கோல் வாங்கின பையன்

பின்னால் நின்று தடுக்கிறவனை, அவன் பிடிக்கவேண்டிய எதிராளி அடித்த கோலை எண்ணி மதிப்பிடுகிறவர்களோடு எனக்கு என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் எங்கள் கடற்கரையில் எந்த ஊர்க் குருசடிப் பக்கம் நின்று பந்துகளியைப் பற்றிக் கேட்டாலும் ஃபார்வர்டு பேரைத்தான் சொல்வார்கள். அப்புறம் கோலி பேர். நடுவில் நின்று உதை வாங்கினவன் பேரைச் சொல்ல அவன் வீட்டு ஆள்தான் வரவேண்டும். நான் ஸ்டாப்பர், அதாவது கோலிக்கு முன்னால் நின்று தடுக்கிற இடத்தில் ஆடினவன். அதனால் இந்த எழுத்தில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆடுவதில்லை. நீரோடிக்கு அந்தப் பக்கம் பொழியூர், அது கேரளம். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் நடந்தால் இரண்டு பக்கத்துப் பையன்களும் வருவார்கள். அவர்களுக்கு விசில் ஊதுவதும், சாயங்காலம் கடலரிப்பு விட்டுவைத்த மணலில் எங்கள் ஊர்ப் பொடிப்பையன்களை ஓடவிடுவதும்தான் என் பொழுது.

ஆனால் எழுத வந்தது வேறொரு பந்தைப் பற்றி. அண்ணன் குடும்பம் மெல்பர்னில் இருக்கிறது. அண்ணன் மகனுக்கு வயது 15, அதற்குள் என்னைவிட ஒரு சாண் உயரம். அவன் ஆடுவது அவர்கள் ஊர் ஃபுட்டி, ஆஸ்திரேலியக் கால்பந்து. பந்து உருண்டை இல்லை, இரண்டு பக்கமும் கூம்பி இருக்கும். கையால் பிடிக்கலாம், காலால் அடிக்கலாம், கையில் வைத்து மறு கையால் குத்தியும் கொடுக்கலாம். அவன் ஃபுல் பேக், கம்பத்துக்கு முன்னால் கடைசியாக நின்று தடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை இங்கே முதல் பூசைக்கு மணி அடிக்கும்போது அங்கே ஆட்டம் முடிந்திருக்கும். போன மாதம் ஒரு ஞாயிறு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி வந்தது: "சித்தப்பா, என் ஆளு அஞ்சு கோல் அடிச்சான்."

"வீடியோ இருந்தா அனுப்பு மக்ளே"ன்னு சொன்னேன். மைனி மொத்த ஆட்டத்தையும் போனில் பிடித்து வைத்திருந்தாள். நடுநடுவே அவளுடைய கத்தலும் சேர்ந்தே கேட்டது.

நம்ம ஊர் ஆட்களுக்கு முதலில் ஒன்று சொல்லவேண்டும். அந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது, தடுக்கிறவனைத் தாண்டி முன்னால் போய் நிற்கிற ஃபார்வர்டுக்கும் பந்து போகலாம். ஒரு ஸ்டாப்பருக்கு இதைவிடப் பெரிய சதி வேறு வேண்டாம். நாமெல்லாம் லைனை ஒரு அடி மேலே ஏற்றி, கையைத் தூக்கி, ஃபார்வர்டைச் சும்மா நிற்கவைத்துவிடுவோம். அங்கே அந்தத் தந்திரம் பலிக்காது. உன் ஆள் கம்பத்துக்குக் கீழே போய் நின்றாலும் நீ கூடவே போகவேண்டும். கோலியும் கிடையாது. உனக்குப் பின்னால் நாலு கம்பம் மட்டும்தான். நடுவில் உள்ள இரண்டுக்குள் காலால் அடித்துப் போட்டால் கோல், 6 புள்ளி; பக்கத்து இடைவெளியில் போனால் 1. மைதானமோ முட்டை வடிவம். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நீளம் ஏறத்தாழ 160 மீட்டர் வரும். 2019-லிருந்து அவர்களுடைய பெரிய லீக்கான ஏஎஃப்எல்லில் ஒரு விதி வேறு வந்துவிட்டது. நடுவில் ஆட்டத்தைத் தொடங்கும்போது இரண்டு அணிக்கும் பின்னால் ஆறு, நடுவில் ஆறு, முன்னால் ஆறு என்றுதான் நிற்கவேண்டும். கூட ஒரு ஆளைப் பின்னால் ஒளித்துவைக்க வழியில்லை. நடுக்களத்தில் பந்தை இழந்தால் அடுத்த சில நொடிகளில் அது உன் தலைக்கு மேலே வரும். நீயும் உன் ஆளும் மட்டும்.

அந்தக் கணக்கோடு ஐந்து கோலையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

முதல் கோல் இவன்மேல் வராது. நடுக்களத்தில் ஒருத்தன் பந்தை எதிராளி கையில் கொடுத்துவிட்டான். இரண்டு பேர் ஓடி வருகிறார்கள், இவன் ஒருத்தன். யாரைப் பிடித்தாலும் மற்றவன் அடிப்பான். கடைசிக் கோலும் அப்படித்தான். உள்ளே வந்த பந்து அவ்வளவு அருமையான பந்து, எதிராளி முன்னால் ஓடிவந்து நெஞ்சில் வாங்கிக்கொண்டான். அதைத் தடுக்கப் பெரியவர்களாலும் முடியாது.

இரண்டாவது இவனுடையதுதான். பந்து உயரத்தில் தொங்கி வருகிறது. இவன் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். எதிராளி இடுப்பை வைத்து மெதுவாக ஒதுக்கி, இவன் நின்ற இடத்தை எடுத்துக்கொண்டான். பந்து இறங்கும்போது இவன் ஒரு முழம் தள்ளி நிற்கிறான். மூன்றாவது, பதற்றம். பின்னாலிருந்து குத்த வந்தவன் பந்துக்குப் பதிலாக எதிராளி கையை வெட்டிவிட்டான். கம்பத்துக்கு நேர் எதிரே ஃப்ரீ கிக். நாலாவதுதான் எனக்கு வருத்தமான கோல். எவ்வளவு அழகாக எழும்பிக் குத்தினான் தெரியுமா! ஆனால் குத்தினது முன்பக்கம். குத்திவிட்டு நின்றுவிட்டான். அவன் ஆள் விழுந்த இடத்திலிருந்து எழும்பி, உருண்ட பந்தைப் பொறுக்கி அடித்துவிட்டான்.

ஆக ஐந்தில் மூன்று. அந்த மூன்றும் சொல்லிக்கொடுத்தால் தீருகிற மூன்று. அதே ஆட்டத்தில் எல்லைக்கோட்டுப் பக்கமாகக் குத்தித் தள்ளிய பந்துகள் எத்தனை? கோட்டருகே விரல் நுனி பட்டு 6-ஐ 1 ஆக்கினது ஒன்று இருந்தது. அதற்கு மைதானத்தில் கைதட்டினது மைனி மட்டும்.

அவனுக்கு நான் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இப்படிப் போனது. கேட்டியா மக்ளே, பந்து இன்னும் அடிக்கிறவன் கையில் இருக்கும்போது உனக்குப் பந்தில் வேலை இல்லை. உன் ஆளைப் பார். அவன் எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறான், எந்தப் பக்கம் காலி இடம் இருக்கிறது, அதைப் பார். அடிக்கிறவன் தலையைக் குனிந்து பந்தைக் காலுக்கு இறக்குவான் பார், அப்போது கண்ணை மாற்று. மாற்றினதும் முன்கையை லேசாக அவன் உடம்பில் வை. அவன் நகர்ந்தால் கை சொல்லும், கண் பந்திலேயே இருக்கட்டும். முதுகில் கை வைத்துத் தள்ளாதே, சட்டையைப் பிடிக்காதே, ஊதிவிடுவான். எழும்பினால் முழுக்க எழும்பு. பிடிக்கலாமா குத்தலாமா என்று வானத்தில் யோசிக்காதே, சந்தேகம் வந்தால் குத்து. குத்துவது எல்லைப் பக்கம். கீழே இறங்கின உடனே ஓடு, வேலை அப்போது பாதிதான் முடிந்திருக்கும்.

கையைத் தவிர மற்றதெல்லாம் நான் இங்கே மணலில் ஸ்டாப்பர் பையன்களுக்குச் சொல்வதுதான். இரண்டு பேரை இடுப்போடு இடுப்பு சேர்த்து நிறுத்தி, உயரமாக ஒரு பந்தைப் போட்டு, "இடத்தை விடாதே லே" என்று கத்துவேன். மணலில் கால் புதையும், அதனால் இடுப்பு தன்னாலே வேலை செய்யப் பழகும்.

அண்ணனுக்கு இது போதவில்லை. அவருக்கு உடனே தெரியவேண்டும், இவன் தேறுவானா மாட்டானா என்று. "டஸ்டின் ஃப்ளெட்சர் பள்ளிக்கூடம் படிக்கிறப்பவே எஸன்டனுக்கு ஆடினான்லா?" என்கிறார். உண்மைதான். ஃப்ளெட்சர் எஸன்டன் கிளப்பின் பேக், 1993-ல் 17 வயதில் இறங்கி, அந்த வருடமே கோப்பையும் வாங்கி, 2015-ல் நாற்பது வயதில் 400 ஆட்டத்தோடு நின்ற ஆள். அந்த 1993 இறுதி ஆட்டத்தில் எதிரணி கேப்டன் ஸ்டீவன் கெர்னஹன் 7 கோல் அடித்தார், கோப்பை எஸன்டனுக்குத்தான் போனது. ஆனால் ஃப்ளெட்சர் ஆயிரத்தில் ஒருவன். அவரை வைத்து ஒரு பையனுக்கு அளவெடுத்தால் யாருக்கும் சட்டை பொருந்தாது.

நான் அவருக்கு வேறு பேர்களைச் சொன்னேன். அலெக்ஸ் ரான்ஸை ரிச்மண்ட் கிளப் எடுத்தது 2007 டிராஃப்டில், அதாவது கிளப்புகள் புதுப் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நாளில். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து அறிவிக்கிற ஆல் ஆஸ்திரேலியன் அணியில் முதலில் இடம் பிடித்தது 2014-ல். அதன்பிறகு 2018 வரை வருடம் தவறாமல் பிடித்தார். நடுவில் இருக்கிற வருடங்களை யாரும் பேசுவதில்லை. ஜேக்கப் வைட்டரிங்கைக் கார்ல்டன் எடுத்தது 2015-ல், அந்த டிராஃப்டின் முதல் பேராக. 2018-ல் அந்த அணி மொத்த சீசனுக்கும் இரண்டே ஆட்டம் ஜெயித்தது. அப்படிப்பட்ட அணியில் பேக் நிற்பது என்றால் ஒவ்வொரு வாரமும் பந்து வந்துகொண்டே இருக்கும். 2020-ல் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவர்தான் வாங்கினார்.

எனக்குப் பிடித்த கதை பிரிஸ்பேனின் ஹாரிஸ் ஆண்ட்ரூஸ். ஆள் இரண்டு மீட்டரைத் தாண்டுவார். கிளப்பின் சொந்த அகாடமியிலேயே வளர்ந்த பையன், 2014 டிராஃப்டில் 61-வது பேர். முதல் ஆட்டம் 2015. அந்த வருடமும் அடுத்த வருடமும் பிரிஸ்பேன் 18 அணிகளில் 17-வது, 2017-ல் கடைசி. ஒரு இளம் பேக்கை உடைத்துப்போட இதைவிட நல்ல வழி கிடையாது. 2018-ல் கிளப் ஒரு காரியம் செய்தது. ஹாதர்ன் அணியில் கோப்பைகள் வாங்கி முடித்து ஓய்வு அறிவித்திருந்த லூக் ஹாட்ஜைக் கூட்டிவந்து பின்வரிசையில் நிறுத்தியது. இரண்டு சீசன் ஆடினார். அவர் ஓடினதைவிட வாயால் செய்த வேலைதான் பெரிது. நீ இங்கே வா, அவனை விடு, இது என் பந்து என்று சொல்ல ஒரு குரல். ஆண்ட்ரூஸுக்கு ஆல் ஆஸ்திரேலியன் இடம் 2019-ல் வந்தது. 2024-ல் சிட்னியை 60 புள்ளியில் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியபோது இரண்டு கேப்டன்களில் அவர் ஒருத்தர்.

சின்னப் பேக்குக்கு உடம்பு வளரக் காத்திருப்பது ஒன்று, பக்கத்தில் ஒரு பழைய பேக் பேசிக்கொண்டே நிற்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி எந்தக் கிளப்பும் அப்பாக்களுக்கு எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் ஆழ்கடலுக்குப் போகிற போட்டில் புதுப் பையனை எடுத்ததும் தூண்டில் பக்கம் விடமாட்டார்கள், சமையல்கட்டில் நிறுத்திப் பெரியவர்கள் கையைப் பார்க்கவிடுவார்கள். பேக்குக்கும் அந்த முறை இருக்கிறது. அங்கே நல்ல கோச் எதிரணியின் மிகப் பெரிய ஃபார்வர்டைப் புதுப் பையன் தலையில் கட்டமாட்டார். மூன்றாவது உயரமான ஆளைக் கொடுப்பார், அப்புறம் இரண்டாவது ஆள். ஜீலாங் அணியில் ஃபார்வர்டாக ஆடின டாம் ஹாக்கின்ஸ் மாதிரி நூறு கிலோவுக்கு மேல் உள்ள ஆளிடம் பதினெட்டு வயது எலும்பை முதல் வாரமே அனுப்பினால், பையன் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைப் பார்த்துப் பயப்படப் பழகிவிடுவான். பிறகு அதைத் திருத்துவது கஷ்டம்.

உடம்பு என்றதும் மைனி புரோட்டீன் பவுடரில் வந்து நின்றாள். நான் வேண்டாம் என்றேன். மரச்சீனியும் மீனும் தின்று வளர்ந்த குடும்பம், அவனுடைய உயரம் இன்னும் நிற்கவில்லை. உயரம் நிற்கட்டும், அப்புறம் பாரம் தூக்கலாம். இதில் அவள் என் பக்கம், அண்ணன்தான் தனிக்கட்சி.

போன வாரம் புதுச் செய்தி. கோச் அவனைச் சில வாரம் ஃபார்வர்டாக ஆடச் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது, பையனைக் கழற்றிவிட்டார்கள் என்று. எனக்கு அந்தக் கோச்மேல் மரியாதை வந்தது இப்போதுதான். வெஸ்ட் கோஸ்ட் அணியின் பேக் ஜெரமி மெக்கவர்னும் தொடக்கத்தில் முன்வரிசையில் ஆடிப் பார்த்தவர்தான். டிராஃப்டில் யாரும் எடுக்காமல் ரூக்கி பட்டியல் என்கிற புதுமுகங்கள் பட்டியல் வழியாக உள்ளே வந்து, 2014-ல் முதல் ஆட்டம் ஆடினார். 2018 இறுதி ஆட்டம் நம்ம நேரப்படி காலை பத்து மணிக்கு. கடைசி நிமிடங்களில் எதிரணி காலிங்வுட் முன்னால் இருக்கிறது. அவர்கள் அடித்த பந்தைத் தன் ஆளை விட்டுவிட்டு வந்து பிடித்தார் மெக்கவர்ன். அங்கிருந்து பந்து வார்டி, லியாம் ரயன், கடைசியில் எல்லைக்கோட்டு மூலையில் டொம் ஷீட் என்று கைமாறிக் கோலானது. வெஸ்ட் கோஸ்ட் 79–74 என்று ஜெயித்தது. எல்லோருக்கும் ஷீட் அடித்த கோல்தான் நினைவிருக்கிறது. தன் ஆளை விட்டு ஓடலாம் என்று மெக்கவர்னுக்கு எப்படித் தெரிந்தது? ஃபார்வர்டு எந்தப் பந்துக்கு ஓடுவான், எதற்கு நடிப்பான் என்பது உள்ளே இருந்து தெரிந்தவனுக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

அதனால் பையனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். முன்னால் ஆடுகிற இந்த வாரங்களில் கோல் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் எனக்குச் சொல்லவேண்டாம். தன்னைப் பிடிக்க வந்த பேக் எந்த நேரத்தில் தன்னைவிட்டுக் கண்ணை எடுத்தான், தன்மேல் எங்கே கை வைத்தான், என்ன செய்தபோது தனக்கு எரிச்சலாக இருந்தது, இவ்வளவும் வாய்ஸில் அனுப்பவேண்டும். முதல் ஞாயிறு வந்துவிட்டது: "சித்தப்பா, அவன் சும்மா பேசிக்கிட்டே இருந்தான், தாங்க முடியல." என்ன பேசினான் என்று கேட்டிருக்கிறேன். இங்கே பொழியூர்ப் பையன்களுக்கு எதிராக எங்கள் ஸ்டாப்பருக்கும் அது உதவும்.