முடிச்சு அவிழ்கிற சத்தம்

செப்டம்பர் 11, 2025, வியாழன்

அலமாரியில் 31 சேலை. இரண்டு முறை எண்ணிவிட்டேன். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய மதுரைச் சுங்குடி 19, மெழுகு அச்சில் புள்ளி பதித்தது 12. திங்கட்கிழமை அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்குப் பிறகு ஒரு மாதமாவது அவள் நூலைத் தொட முடியாது. தீபாவளி அக்டோபர் 20. இருப்பது இவ்வளவுதான், புதிதாக ஒன்றும் சேரப்போவதில்லை.

காமராசர் சாலைக் கடைக்காரர் இந்த வருடம் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். “அச்சுச் சேலை பாதி விலைக்கு வருதும்மா, நான் என்ன பண்றது?” அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது. தம்பி சென்னையிலிருந்து பேசினான். “போன்லயே வித்துடலாம்க்கா, நீ கவலைப்படாத.” கவலைப்படாமல் எப்படி இருப்பது என்று அவன் சொல்லவில்லை.

செப்டம்பர் 13, சனி

அம்மாவின் பழைய நோட்டிலிருந்த எண்களையெல்லாம் வாட்ஸ்அப் பிசினஸில் ஏற்றினேன். 143 பேர். எல்லாரும் ஒரு முறையாவது வாங்கியவர்கள். ஒரே செய்தி எல்லாருக்கும் தனித்தனியாகப் போகிற பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு, “தீபாவளிச் சேலைகள் தயார்” என்று நான்கு படத்தோடு அனுப்பினேன்.

இரவு பார்த்தால் 38 பேருக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. மற்றவர்களுக்கு ஒற்றை டிக். நம் எண்ணை அவர்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் பிராட்காஸ்ட் போகுமாம். நோட்டுப் புத்தகம் முழுக்க அவர்கள் எண் நம்மிடம் இருக்கிறது. அவர்களிடம் நாம் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

வலது கண். காலை ஆறு மணிக்குப் போனோம், பதினொன்றுக்கு முடிந்தது. நல்லபடியாக முடிந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். அம்மா முதலில் பார்த்தது நர்ஸின் உடுப்பை. “இவ்வளவு வெள்ளையாவா இருக்கும்?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. அலமாரியைத் திறக்கச் சொன்னாள். அரக்குச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை ஒரு நிமிடம் உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், அப்புறம் மறு கண்ணை மூடிப் பார்த்தாள். “இடது கண்ணுல பார்த்தா காவி கலந்த மாதிரி இருக்குடி. இந்தக் கண்ணுலதான் அரக்கு. இத்தனை வருஷம் நான் காவியைத்தான் பார்த்திருக்கேன்.”

இடது கண்ணிலும் புரை இருக்கிறது. அதற்கு தீபாவளி கழித்துத் தேதி.

செப்டம்பர் 18, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அக்கா சேலையைத் திருப்பி அனுப்புகிறார். “படத்தில் ராமர் பச்சை, வந்தது கிளிப்பச்சை” என்று எழுதியிருந்தார். கோபமாகக்கூட எழுதவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் எடுத்த படத்தைத் திறந்து, அதே மாதிரிச் சாயம் போட்ட இன்னொரு சேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. டியூப்லைட் வெளிச்சத்தில் இரவு பத்து மணிக்கு எடுத்த படம். போதாததற்குப் போன் தானாகவே நிறத்தைக் கூட்டி அழகாக்கி வைத்திருக்கிறது. அந்த அழகு சேலையில் இல்லை.

பணத்தைத் திருப்பி அனுப்பினேன், திரும்பி வரும் கூரியர் செலவும் நம்முடையதுதான் என்றேன்.

மற்ற படங்களும் அப்படித்தானே. இருக்கிற எல்லாச் சேலைக்கும் மறுபடி எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

அம்மாவுக்குச் சொட்டு மருந்து 8, 12, 4, 8 மணிக்கு. பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆறு பேர்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலை ஏழரைக்கு மாடி. வெயில் நேராக விழாத பக்கம், தண்ணீர்த் தொட்டியின் நிழல். போனில் தானாக அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிட்டேன். ஒவ்வொரு சேலைக்குப் பக்கத்திலும் ஒரு வெள்ளைத்தாள் வைத்தேன். படத்தில் தாள் வெள்ளையாக வந்தால்தான் சேலையின் நிறமும் சரி. புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து இன்னொரு படம், புள்ளி எவ்வளவு பெரிது என்று தெரிய.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். புதுக் கண்ணால் மட்டும் பார்த்து, “இது அரக்கு. இது இல்ல, மறுபடி எடு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்பது சேலையை மறுபடி எடுத்தேன். அவள் சரி சொல்லாத எதுவும் வாட்ஸ்அப் கேட்லாக்கில் ஏறாது.

நிறத்துக்கு நம் பெயர்களையே எழுதினேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, மயில்கழுத்து, வெங்காயத்தோல், எம்.எஸ். நீலம். கேட்பவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். நேற்று ஒருவர், “வெங்காயத்தோல் கலர்ல இருக்கா?” என்று மட்டும் அனுப்பியிருந்தார், வணக்கம்கூட இல்லை. இருந்தது. வாங்கிவிட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

விலையைப் போடாதே, இன்பாக்ஸுக்கு வரச் சொல் என்று தம்பி இன்னும் சொல்கிறான். அப்படி வந்தால்தான் பேச்சு நீளுமாம். அவன் சொன்னபடி செய்து பார்த்துவிட்டேன். மூன்று நாள் விலை இல்லாமல் போட்டதில் பதினொரு பேர் “விலை?” என்றார்கள். நான் அடுப்படியிலிருந்து வந்து பதில் போடுவதற்குள் எட்டுப் பேர் போய்விட்டார்கள். இனி எல்லாம் படத்தின் கீழேயே. கை முடிச்சு 2,400, அச்சு 900, நீளம், ரவிக்கைத் துணி உண்டா, முதல் அலசலில் சாயம் கொஞ்சம் விடும் என்பது உட்பட. சாயத்தைப் பற்றி எழுதினால் வாங்க மாட்டார்கள் என்கிறான். வாங்கி அலசிவிட்டு என்னைத் திட்டுவதைவிட அது பரவாயில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

இன்று நடந்ததை முழுக்க எழுதிவைக்க வேண்டும்.

கட்டி, சாயம் ஏறி, முடிச்சு அவிழ்க்காமல் ஒரு சேலை இருந்தது. முடிச்சோடு கொடுத்தால்தான் இது கைவேலை என்று வாங்குபவர் நம்புவார் என அம்மா ஒன்று இரண்டை அப்படியே வைத்திருப்பாள். மாடி வீட்டுப் பெண் கல்லூரி முடித்து வந்தவள், “ஆன்ட்டி, அதைப் பிரிங்க, நான் எடுக்கறேன்” என்றாள். நான் ஒரு முனையைப் பிடித்தேன், அம்மா மறு முனையை. மெதுவாக இழுத்தோம்.

துணி முழுக்கக் கடுகு மாதிரி முடிச்சு. இழுக்க இழுக்க நூல் அறுந்து பட் பட் பட் என்று ஓடுகிறது, மழைத்துளி தகரத்தில் விழுகிற மாதிரி. ஒவ்வொரு முடிச்சும் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆயிரக்கணக்கில். இந்த வேலையின் 12 நாள் அந்தச் சத்தத்தில் ஒரே நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. அம்மாவின் கட்டைவிரல் நகம், நூல் சுற்றிச் சுற்றிப் பள்ளமாகிப்போனது, படத்தில் அப்படியே விழுந்திருக்கிறது. பாட்டு எதுவும் சேர்க்க வேண்டாம் என்றேன். அந்தச் சத்தம் மட்டும் போதும்.

32 நொடி வீடியோ. இரவு எட்டு மணிக்கு அந்தப் பெண்ணே இணையத்தில் போட்டாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

11,000 பேர் பார்த்திருக்கிறார்கள். சேலை கேட்டவர்கள் 14. “இது அச்சு இல்லையா?” என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டு வருடமாக வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கூகுள் மேப்பில் நம் வீட்டைக் கடையாகச் சேர்க்க வீடியோ கேட்கிறது. இடையில் வெட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். தெரு, பெயர்ப்பலகை, கதவைச் சாவி போட்டு நாமே திறப்பது, உள்ளே வேலை நடக்கும் சாமான்கள். நமக்குப் பலகையே இல்லை. முனிச்சாலையில் 650 ரூபாய்க்கு எழுதி வாங்கிவந்து மாட்டினேன். அம்மா வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தாள். முப்பது வருடம் செய்த வேலைக்கு முதல் பலகை.

சாயங்காலம் ஒரு ஆள் போன் செய்தார். 4,999 ரூபாய்க்கு நூறு ஐந்து நட்சத்திர விமர்சனம், ஆயிரம் ஃபாலோயர். வாங்காதவர்கள் நல்ல சேலை என்று எழுதுவார்களாம். ஆயிரம் பேரை வைத்து என்ன செய்வது. எனக்கு இருக்கிற சேலையை வாங்குகிறவர்கள் போதும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே வாங்கிய ஐந்து பேரிடம், மேப் இணைப்பு வந்ததும் அனுப்புகிறேன், நேரம் இருந்தால் தோன்றியதை எழுதுங்கள் என்று மட்டும் கேட்டேன். பரிசு, தள்ளுபடி எதுவும் சொல்லவில்லை.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

நூல்கண்டு, கத்தரி, அளவுகோல், போன். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். 22 சேலை மீதம்.

அக்டோபர் 3, வெள்ளி

விளம்பரக் கணக்கு. தம்பி போன மாதம் ஒரு பதிவைப் பணம் கட்டி பூஸ்ட் செய்தான், ஒரு நாளைக்கு 200 வீதம் ஐந்து நாள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,180 போனது. 412 லைக். ஒரு சேலைகூடப் போகவில்லை. லைக் போட்டவர்களைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வடக்கே எங்கோ இருக்கிற பையன்கள். இந்தியா முழுக்க என்று விட்டிருக்கிறான்.

அடுத்ததை நான் போட்டேன். அம்மாவின் நகமும் அந்தச் சத்தமும் உள்ள அதே வீடியோ. சென்னை, கோவை, பெங்களூரு மட்டும். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்கள். தொட்டால் நேரே வாட்ஸ்அப் திறக்கும். ஏழு நாள், ஜிஎஸ்டியோடு 1,239. 23 பேர் பேசினார்கள், நான்கு சேலை. ஒரு சேலைக்கு 310 ரூபாய் ஆகிறது. கை முடிச்சு என்றால் தாங்கும், அச்சுச் சேலைக்குத் தாங்காது.

பிராட்காஸ்ட் போய்ச் சேர்ந்த அந்த 38 பேரில் ஐந்து பேர் வாங்கினார்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை. எனக்கு மறுபடி மறுபடி அதே நினைப்பு, மீதி 105 பேர்.

அக்டோபர் 5, ஞாயிறு

105 பேரில் தினம் பத்துப் பேருக்குப் போன் செய்கிறேன். விற்கப் பேசுவதில்லை. “அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு, நல்லா இருக்காங்க. இந்த நம்பரைச் சேமிச்சுக்கங்க, புதுச் சேலை வந்தா படம் அனுப்பறேன்.” பலர் சேலையை விட்டுவிட்டுக் கண்ணைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரு பாட்டி தன் கண் ஆபரேஷனைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பார்சலுக்குள்ளும் இனி ஒரு சீட்டு, எண்ணோடு.

அக்டோபர் 8, புதன்

ராணுவ முகாமிலிருந்து பேசுவதாக ஒருவர். குடும்பங்களுக்கு 12 சேலை, முன்பணம் உடனே. கை நடுங்கிற்று, 12 என்றால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் வந்துவிடும் என்றார். நான் போனைத் திறந்துவிட்டேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே, “நமக்குப் பணம் வர்றதுக்கு நாம ஏன் பின் போடணும்?” என்றாள்.

வைத்துவிட்டேன். இணைய மோசடிப் புகார் எண் 1930க்குச் சொன்னேன். ஒரு மணி நேரம் வேலை ஓடவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மேப்பில் பலகை வந்துவிட்டது. அந்த ஐந்து பேருக்கும் இணைப்பை அனுப்பினேன்.

அக்டோபர் 11, சனி

11 மீதம். அம்மா வாசல்படியில் வெற்றுத்துணியை எடுத்து விரலால் கூட்டிப் பார்க்கிறாள், நூல் இல்லாமல். வேண்டாம்மா என்றேன். “சும்மாதான்” என்றாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

மேப் பார்த்துக்கொண்டே திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கோயிலுக்கு வந்தவர்கள், “சுங்குடி சேலை” என்று தேடினார்களாம். சந்து முனையில் நின்று போன் செய்தார்கள். மூன்று சேலை எடுத்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த நகம்தானே வீடியோவுல?” என்றார் அந்தப் பெண். அம்மா கையை இழுத்துக்கொண்டாள், அப்புறம் தானே மறுபடி நீட்டினாள்.

அக்டோபர் 16, வியாழன்

மழை பிடித்துவிட்டது. ஏழு மீதம்.

அக்டோபர் 17, வெள்ளி

கோயம்புத்தூர் அக்கா மறுபடி வந்திருக்கிறார். அதே அக்கா. திரும்பி வந்த அந்தச் சேலை இன்னும் இருக்கிறதா, அதன் சரியான நிறத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, மருமகளுக்குக் கிளிப்பச்சைதான் பிடிக்குமாம். இருக்கிறது. நாளைக் காலை அனுப்பினால்தான் தீபாவளிக்குள் போய்ச் சேரும். பழைய படத்தை அனுப்ப மாட்டேன். டியூப்லைட்டிலும் எடுக்க மாட்டேன். அம்மா ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு, ஆறரைக்கு எழுப்பு என்று சொல்லிப் படுத்தாள். சேலை, வெள்ளைத்தாள், நாணயம் மூன்றையும் மாடிப்படியில் எடுத்துவைத்திருக்கிறேன். இன்னும் தூறுகிறது.