அம்மாவின் கல்ச்சர் ரிப்போர்ட்

அம்மா நீர்க்கடுப்பு என்றதும் மருந்துக்கடைக்குப் போய் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி வந்தவன் நான்தான். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாது என்று அட்டையில் இருந்த சிவப்புக் கோட்டை நானும் பொருட்படுத்தவில்லை. மூன்று நாள் விழுங்கியும் எரிச்சல் அடங்கவில்லை.

மருத்துவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையை எழுதித் தந்தார்.

அதையும் கெடுத்தேன். புட்டியை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு வங்கி வேலையை முடித்துக்கொண்டு பரிசோதனைக்கூடம் போகும்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பல கிருமிகள் கலந்து வளர்ந்திருக்கின்றன, மறுபடி கொடுங்கள் என்று பதில் வந்தது. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற குடல் கிருமி நல்ல சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்குமாம். முதலில் வரும் நீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அப்போதுதான் தெளிவாகச் சொன்னார்கள்.

அன்று இரவே அம்மாவுக்குக் குளிர் உதறியது. விலாவுக்குக் கீழே முதுகில் வலி. மருத்துவமனையில் சேர்த்து, இரண்டாவது மாதிரியைக் கொடுத்த பிறகு செஃப்ட்ரியாக்சோன் என்ற வேறொரு கிருமிக்கொல்லி ஊசியைத் தொடங்கினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை.

இரண்டாம் நாள் பரிசோதனைக்கூடத்தில் தவித்துக்கொண்டு நின்ற என்னைக் கண்ணாடிக்கு அருகே அழைத்துத் தட்டைக் காட்டினார் அங்கிருந்த பெண். கிருமி ஈரப்பாசி போலப் படர்ந்திருந்தது. நடுவே பொத்தான் அளவில் மருந்து வில்லைகள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராது. மெரோபெனெம் என்ற மருந்தைச் சுற்றி அகலமான தெளிந்த வட்டம். செஃப்ட்ரியாக்சோனை ஒட்டியே பாசி. பக்கத்தில் அதன் இனத்து மருந்தான செஃப்டாசிடிம் வில்லைகள் இரண்டு: ஒன்று தனியே, இன்னொன்று நொதியை முடக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்தது. சேர்ந்ததன் வட்டம் 5 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால், மருந்தை வெட்டிப்போடும் இஎஸ்பிஎல் நொதி அந்தக் கிருமியிடம் இருக்கிறது என்று பொருள். பெரிதாகத்தான் இருந்தது.

ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்', அதாவது மருந்து கேட்காது. மருந்து கேட்காத கிருமி என்றால் கொடிய கிருமி என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது. மருத்துவர் மறுத்தார். அடங்காமை வேறு, மூர்க்கம் வேறு. இதே நொதியுள்ள கிருமி எத்தனையோ பேரின் குடலில் சும்மா குடியிருக்கிறது. அம்மாவின் சிறுநீரகம்வரை ஏறியதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்: சில ஈ.கோலைகளின் உடல் முழுக்க நுண்ணிய இழைகள் உண்டு. சேலையில் ஒட்டும் நாயுருவி விதைபோல அவை பாதையின் சுவரைப் பற்றிக்கொள்ளும், நீரோட்டம் அடித்துச் செல்லாது. அந்தப் பிடியைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரியும் இருக்காது.

நைட்ரோஃபுராண்டாயின் என்ற மருந்துக்கு நேரே 'எஸ்', அதாவது கேட்கும் என்று இருந்ததே, மாத்திரையாகவே கொடுக்கலாமே என்று கேட்டேன். அது சிறுநீர்ப்பையோடு சரி, சிறுநீரகத் திசுவுக்குப் போதாது என்றார். ஆகவே மெரோபெனெம் இனத்து எர்டாபெனெம், தினம் ஒரு கிராம், நரம்பு வழியாக அரை மணி நேரம், ஏழு நாள். மூன்றாம் ஊசிக்குப் பிறகு காய்ச்சல் விட்டது. மீதியை வீட்டிலிருந்து போய்ப் போட்டுக்கொண்டோம்.

கடைசி நாள், ஊசி குத்திய இடம் நீலம் பாரித்த கையோடு அம்மா வீடு திரும்பினாள். மிச்சமிருந்த சிப்ரோ அட்டையைக் குப்பையில் போடத் தேடினேன். காணவில்லை.

"எதிர்வீட்டுக்காரிக்கும் நீர்க்கடுப்பாம். வீணாகப் போவானேன் என்று கொடுத்துவிட்டேன்" என்றாள்.