அப்பாவி என்னும் சொல்

3 ஆகஸ்ட் 2024, சனி

கடலூர் முதுநகரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதும் என் அண்ணன் மகன் இன்று மதியமே வீடு திரும்பிவிட்டான். நேற்றிரவு கல்லாவில் 4,000 ரூபாய் குறைந்திருக்கிறது. கடையில் வேலை செய்யும் இருவரில், மூட்டை தூக்கும் பையனை "அது வெள்ளந்தி, அதுக்கு எடுக்கத் தெரியாது" என்று ஒதுக்கிவிட்ட முதலாளி, இவனிடம் மட்டும் "நீ விவரமானவன், நீயே சொல்லிடு" என்றிருக்கிறார். வேறு சான்று எதுவும் இல்லை. விவரம் தெரிந்திருப்பதே இவன்மீது சாட்டப்பட்ட குற்றமாகிவிட்டதே என்று எண்ணுகையில் உறக்கம் வரவில்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

வெள்ளந்தி, வெகுளி, அப்பாவி, சூதுவாது தெரியாதவர், பச்சைப்பிள்ளை என்று நாம் அன்றாடம் வழங்கும் சொற்களைக் காலையிலிருந்து மனத்துக்குள் அடுக்கிப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் 'தெரியாது' என்பதே ஒளிந்திருக்கிறது.

இவற்றுள் வெகுளி வியப்பானது. தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் வெகுளி என்பது சினம். திருக்குறளின் 31ஆம் அதிகாரமாகிய வெகுளாமையும் சினங்கொள்ளாமையையே பேசுகிறது. அந்தச் சொல் இன்று கபடமற்றவரைக் குறிக்கிறது. உள்ளே வைத்துப் புழுங்காமல் சட்டென்று கோபத்தைக் கொட்டிவிடுகிறவரிடம் வஞ்சம் தங்காது என்ற எண்ணமே இந்த மாற்றத்துக்கு வழி செய்திருக்கலாம் என்பது என் ஊகம்.

பழந்தமிழில் எனக்கு மிகப் பிடித்த சொல் கொடைமடம். மடம் என்றால் இங்கே அறியாமை. வற்றிய குளத்திலும் அகன்ற வயலிலும் பெய்வதோடு, உதவாத உவர்நிலத்திலும் பெய்யும் மழையைப் போல, வரையறை பாராமல் கொடுத்தவன் பேகன் என்று புறநானூற்றின் 142ஆம் பாட்டில் பரணர் பாடுகிறார். அவன் கொடையில் மடம் படுவானேயன்றிப் படையில் மடம் படமாட்டான் என்றும் சொல்லிவிடுகிறார். ஒருவர் எதில் அறியாதவர், எதில் அறிந்தவர் என்று பிரித்துச் சொல்லும் அந்தக் கவனம் நம் பேச்சில் இல்லாமற்போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

7 ஆகஸ்ட், புதன்

பணம் காணாமற்போகவே இல்லை. முதலாளியின் தம்பி வெள்ளிக்கிழமை அரிசி லாரிக்கு வாடகை கொடுத்துவிட்டுக் கணக்கில் எழுதச் சொல்ல மறந்திருக்கிறார்.

மாலையில் உறவினர் சிலர் வந்து, "நம்ம பையன் அப்பாவியாச்சே, அவன்மேல போய்ப் பழி போட்டாங்களே" என்று அங்கலாய்த்தார்கள். நானும் தலையாட்டினேன். அவர்கள் போன பிறகு அவன் என்னிடம் சொன்னான்: "நான் அப்பாவி இல்ல அத்தை. கல்லாச் சாவி எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும், கணக்க எப்படி மாத்தி எழுதலாம்னும் தெரியும். நான் எடுக்கல. அத மட்டும் சொல்லுங்க."

தலையாட்டியது தவறு என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

8 ஆகஸ்ட், வியாழன்

அவன் கேட்ட சொல் நிரபராதி. வடமொழியில் அபராதம் என்றால் குற்றம். நமக்கோ அது தண்டத்தொகையாகிவிட்டது. நிரபராதி என்ற சொல் ஒருவர் செய்யவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது, அவருக்கு என்ன தெரியும் என்பதைத் தொடுவதே இல்லை.

சட்டம் இந்த இரண்டையும் கலப்பதில்லை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது என்றும், ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குள் தன் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இல்லாதவர்க்கும் அப்படியே என்றும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 82, 83ஆம் பிரிவுகள் கூறின. கடந்த ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 20, 21ஆம் பிரிவுகளாக இருக்கின்றன. அது அறியாமைக்குரிய காப்பு. அறிந்தவருக்கும் காப்பு உண்டு: குற்றவாளி என்று தீர்ப்பாகும்வரை எவரும் குற்றமற்றவராகவே கருதப்பட வேண்டும் என்று 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தின் ஒன்பதாம் பிரிவு உரைக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியை ஆண்டவர்கள் எழுதிய வாசகம் அது.

திருப்பாதிரிப்புலியூரில் வாழும் எனக்கு அப்பரின் நினைவும் வருகிறது. கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட அவர் இந்த ஊர்க் கரையில்தான் ஏறினார் என்பது பெரியபுராணம். சமண நூல்களையும் கற்றுத் தேர்ந்த அவரை எவரும் அப்பாவி என்று சொன்னதில்லை. அதனால் அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி இல்லை என்றும் எவரும் சொன்னதில்லை.

12 ஆகஸ்ட், திங்கள்

முதலாளி ஆளனுப்பினார். "தங்கமான பையன், மனசுல வச்சுக்காதே" என்றாராம். இவன் மூட்டை தூக்கும் பையனையும் லாரிக்காரரையும் அருகில் அழைத்து, அவர்கள் முன்னால் ஒரு வாக்கியம் மட்டும் சொல்லும்படி கேட்டிருக்கிறான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இவன் பணத்தை எடுக்கல, தப்பு எங்க கணக்குல" என்று அவர் சொல்லியிருக்கிறார். அதன் பிறகே பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தானாம்.