பூனைச் சாவிக்கொத்து

டெக்சாஸுக்கு வந்த புதிதில் கடைக் கதவுகளைத்தான் வேடிக்கை பார்த்தேன். 30.06, 30.07 என்று இரண்டு அறிவிப்புகள், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒவ்வோர் எழுத்தும் ஓர் அங்குல உயரம். விலைப்பட்டியலோ என்று நினைத்தேன். சட்டப்பிரிவு எண்களாம். உரிமம் வைத்திருப்பவர்களும் துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று தடை. மறைத்து எடுத்துவரும் கைத்துப்பாக்கிக்கு ஒன்று, வெளியே தெரிய இடுப்பில் தொங்குவதற்கு ஒன்று.

2021 செப்டம்பர் 1 முதல் 21 வயதானவர்கள், வேறு சட்டத் தடை இல்லையென்றால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு வெளியே போகலாம் என்றானது. வகுப்பு, சுடும் தேர்வு எதுவும் கட்டாயமில்லை. (கார் ஓட்டத் தேர்வு உண்டு. நான் இரண்டாம் முறைதான் தேறினேன்.) அப்புறம் சில கதவுகளில், உரிமம் இல்லாமல் துப்பாக்கி எடுத்துவருபவர்களைத் தடுக்க, 30.05 என்று மூன்றாவது அறிவிப்பும் வந்து ஒட்டிக்கொண்டது.

எனக்கு இதைவிட வேடிக்கை கத்திக் கதை. 1836இல் அலமோ கோட்டையில் மெக்சிகோ படையோடு நடந்த சண்டையில் இறந்த ஜிம் போவி இங்கே பெரிய வீரர். அவர் பெயர் தாங்கிய பெரிய போவி கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடப்பது 2017 வரை குற்றம்!

பூனை முகச் சாவிக்கொத்து தெரியுமா? கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை, விரலை நுழைத்தால் காது இரண்டும் கூராக முன்னால் நிற்கும். தனியாகப் போகும் பெண்கள் தற்காப்புக்கு வாங்குவது. 2019 செப்டம்பர் வரை அதுவும் தடைசெய்த ஆயுதம்தான். ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம்.

என் மனைவியின் கைப்பையில் இளஞ்சிவப்பில் ஒன்று கிடக்கிறது. வாங்கியது 2018இல்.