முதலில் தமிழில் சொல்லு

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் ஆறு மணிக்கு ட்யூஷன் தொடங்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருவார்கள். கணக்கு என்றால் வீட்டில் அப்பாவோ அண்ணனோ சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆங்கில வீட்டுப்பாடம் மட்டும் பையோடு என்னிடம் வந்துவிடும்.

ஆரம்பத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், கட்டுரை நாளைக்கே வேணும்" என்று கண் கலங்கி நின்றான். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனான். நோட்டில் பாராட்டும் வாங்கினான். அரையாண்டுத் தேர்வில் மழைநாளைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு வந்தான். விடைத்தாளை அவன் நீட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வெற்றுப் பக்கம் என்னால் வந்தது. அதற்கப்புறம் யாருக்கும் நான் விடை சொல்வதில்லை. "முதலில் தமிழில் சொல்லு" என்பேன்.

இலக்கணத்துக்கும் இதுவே கைகொடுக்கிறது. 'எ' (a) எங்கே, 'ஆன்' (an) எங்கே என்று திணறும் பிள்ளைக்கு 'ஒரு மரம், ஓர் ஊர்' ஏற்கெனவே தெரியும். உயிரெழுத்து வந்தால் 'ஓர்'. ஆங்கிலத்திலும் ஓசைதான் கணக்கு, எழுத்து இல்லை. அதனால்தான் 'ஹவர்' என்று எழுதி 'அவர்' என்று படிக்கும் சொல்லுக்கு 'ஆன்' வருகிறது, 'யுனிவர்சிட்டி'க்கு 'எ' வருகிறது. 'தி'க்குத் தமிழில் இணை இல்லை, அது பழகித்தான் வர வேண்டும். பிரெப்பொசிஷன் இன்னும் கஷ்டம். மதுரையில், மேசையில், வாசலில் என்று நமக்கு எல்லாமே 'இல்'. ஆங்கிலத்திலோ இன் (in), ஆன் (on), அட் (at) என்று மூன்று. பிள்ளைகள் குழம்புவதற்கு மந்தபுத்தி காரணமில்லை, தாய்மொழி ஒரே உருபில் முடித்துக்கொடுத்துவிட்டது. இதைச் சொன்னதும் அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும்!

ஒருநாள் வேர்ட்ஸ்வொர்த் 1807-இல் வெளியிட்ட டாஃபடில் பூக்கள் கவிதையை எடுத்தோம். ஏரிக்கரையில் ஆடிய மஞ்சள் பூக்கள், பின்னொரு நாள் தனிமையில் படுத்திருக்கும்போது மனக்கண்ணில் மின்னுவதாகக் கவிஞர் சொல்கிறார். எங்களில் யாரும் அந்தப் பூவைப் பார்த்ததில்லை. "கண்ணை மூடினா எதுவாவது திரும்பத் தெரிஞ்சிருக்கா?" என்று கேட்டேன். மாட்டுத்தாவணியிலிருந்து வாங்கி வரும் மல்லிகையை அம்மாவோடு சேர்ந்து கட்டும் ஒரு பெண் சொன்னாள்: "லைட்டை அணைச்சப்புறமும் கண்ணுக்குள்ள மொட்டு மொட்டா வரும் மிஸ்." சரி, அதையே எழுது என்றேன். எந்த நோட்ஸிலும் அப்படி ஒரு விளக்கத்தை நான் படித்ததில்லை.

கற்பனைக் கட்டுரைதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. 'மறக்க முடியாத பயணம்' என்ற தலைப்புக்கு எல்லாரும் கைடைப் பார்த்து ஊட்டி போய்வந்திருந்தார்கள். நிஜமாக ஊட்டிக்குப் போனவர் ஒருவரும் இல்லை. ஏழாம் வகுப்புப் பையனிடம், "சித்திரையில எங்கடா போன?" என்றேன். பொலபொலவென்று கொட்டினான். மாமா தோளில் உட்கார்ந்து வைகைக் கரையில் விடியவிடியக் காத்திருந்தது, தோல் பையால் தண்ணீர் பீய்ச்சியவர்கள் இவன் சட்டையையும் நனைத்தது, தங்கக் குதிரையில் அழகர் வந்தது, கூட்டத்தில் ஒற்றைச் செருப்பு தொலைந்தது.

பதினோரு வரி ஆங்கிலத்தில் எழுதினான். இரண்டு இடத்தில் மட்டும் காலம் பிசகியிருந்தது, பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன், அவனே திருத்தினான். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தான்.

"மிஸ், அழகர் ஆத்துல இறங்குறாருன்னா, 'இன்'னா 'இன்டூ'வா?"

"ஏற்கெனவே ஆத்துக்குள்ள நிக்கிறாரா, கரையிலிருந்து உள்ள வர்றாரா?"

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "வர்றாரு மிஸ்" என்று 'இன்டூ' போட்டான்.